ஊருணியை மீட்கக் கிளம்பும் மகளிர் குழுவுக்கு: என்ன தாள், எவ்வளவு பணம், எந்த மாதம்

ஐப்பசி, கார்த்திகை முழுக்க நின்று பெய்த மழையை நம்பித்தான் எங்கள் பக்கம் ஊர்க் குடிநீர்க் குளங்களான ஊருணிகளை வெட்டினார்கள். இப்போது மழை அப்படிப் பெய்வதில்லை. 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுக்கு இயல்பைவிட 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது. ஒரு வருஷம் காய்கிறது, ஒரு வருஷம் மூன்று நாளில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அந்த மூன்று நாள் தண்ணீரைப் பிடித்து வைக்கிற ஊர் மட்டும்தான் அடுத்த வைகாசியில் குடத்துக்குக் காசு கொடுக்காமல் இருக்கும்.

நான் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறேன். எங்கள் ஊர் ஊருணியைத் தூர்வாரிக் கரை கட்டினோம். மண் வெட்டியது சில வாரம்தான், அதற்கு முன்னால் அலுவலகம் அலுவலகமாக அலைந்ததுதான் காலத்தைத் தின்றது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: மனுவைத் தை மாதத்தில் கையில் எடுங்கள். சித்திரையில் ஊருணி வறண்டு தரை தெரியும்போது எல்லோருக்கும் ஆர்வம் வரும். அப்போது தொடங்கினால் அனுமதி கைக்கு வருவதற்குள் மழை வந்துவிடும்.

1. ஊருணி யாருடையது என்று பாருங்கள்

ஊரில் எல்லோரும் "நம்ம ஊருணி" என்பார்கள். தாளில் யாருடையது என்று தெரியாமல் மனு எழுத உட்காராதீர்கள்.

விஏஓவிடம் (கிராம நிர்வாக அலுவலர்) போய்ப் புல எண்ணை, அதாவது சர்வே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். உட்பிரிவு எண்ணும் சேர்த்து வேண்டும், அதில்தான் மனுக்கள் திரும்பி வருகின்றன. எண் தெரிந்ததும் eservices.tn.gov.in என்ற அரசு இணையதளத்தில் அ-பதிவேட்டு விவரத்தையும் புலப்படத்தையும் காசில்லாமல் பார்க்கலாம். இரண்டையும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அ-பதிவேட்டில் நிலம் என்ன வகைப்பாடு, பரப்பு எவ்வளவு என்று இருக்கும். புலப்படத்தில் நான்கு பக்க அளவும் மீட்டரில் இருக்கும். இந்த இரண்டு தாளும் இனி வரும் எல்லா மனுவோடும் போகும். பத்துப் பத்து நகல் போட்டுவிடுங்கள்.

அடுத்தது, எந்த அலுவலகத்துக்குப் போவது என்ற கேள்வி. குடிநீர் ஊருணியும் சிறு குளமும் ஊராட்சியின் பொறுப்பு. பாசனக் கண்மாய் என்றால் ஆயக்கட்டை, அதாவது அதிலிருந்து பாசனம் பெறும் நிலப் பரப்பைப் பாருங்கள். 40 ஹெக்டேருக்கு, அதாவது 100 ஏக்கருக்குக் கீழே இருந்தால் ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேலே இருந்தால் நீர்வளத் துறை. கோயில் தெப்பம் என்றால் இந்து சமய அறநிலையத் துறையையும் கேட்க வேண்டியிருக்கும். தவறான அலுவலகத்தில் கொடுத்த மனுவை "உரிய அலுவலருக்கு அனுப்பப்படுகிறது" என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுவார்கள். அது போய்ச் சேர்வதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும்.

ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாயின் புல எண்ணையும் இதே நாளில் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான குழுக்கள் இதை விட்டுவிடுகின்றன. கால்வாய் தனிப் புல எண்ணில் இருக்கும், சில இடத்தில் பக்கத்து ஊராட்சி எல்லைக்குள்ளேயே ஓடும். அப்படியென்றால் அந்த ஊராட்சியிலும் ஒரு தீர்மானம் வேண்டும்.

2. குழுவின் தாள்கள்

சுய உதவிக் குழுவின் தீர்மான நோட்டில் ஊருணி வேலைக்கென்று ஒரு தீர்மானம் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். எதற்காக, யார் யார் அலுவலகம் போவது, யார் பணத்தைக் கையாள்வது, கணக்கை எந்தக் கிழமை படித்துக் காட்டுவது, எல்லாம் அதில் வரட்டும். அலுவலகம் போக இரண்டு பேர், அவர்களில் ஒருவருக்கு முடியாத நாளில் போக மூன்றாவதாக ஒருவர் என்று பெயர் போட்டுவிடுங்கள்.

உங்கள் ஊராட்சியில் மகளிர் குழுக்களுக்கான ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு இருக்கும். வெளியிலிருந்து பணம் வருவதாக இருந்தால் கூட்டமைப்பின் பெயரில் வரவு வைப்பதுதான் நல்லது. குழுவின் சேமிப்புக் கணக்கில் ஊருணிப் பணத்தைப் போட்டால் உள்கடன் கணக்கும் இதுவும் கலந்துபோகும், தணிக்கையில் பதில் சொல்லி மாளாது.

ஒரு தெருவை விட்டுவிட்டுக் குழு அமைக்காதீர்கள். எந்தச் சாதித் தெருவாக இருந்தாலும் தண்ணீர் எடுக்கிற ஒவ்வொரு தெருவிலிருந்தும் இரண்டு பெண்கள் வேண்டும். "எல்லாக் குடியிருப்பு மக்களும் எல்லாப் படித்துறையிலும் தண்ணீர் எடுக்கும் உரிமையோடு" என்ற வரியைத் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். வேலை முடிந்து தண்ணீர் நிறைந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தள்ளினால் அப்புறம் அதைப் பேசவே விட மாட்டார்கள்.

3. பொறியாளர் வருவதற்கு முன் நீங்களே அளந்து வையுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். கையில் அளவு இருக்கிற பெண்களிடம் அலுவலகம் பேசும் விதமே வேறாக இருக்கிறது.

நீளம், அகலம் நாடாவால் அளந்துவிடலாம். ஆழத்துக்கு மூன்று இடத்தில் சோதனைக் குழி போடுங்கள்: வரத்து நுழையும் இடம், நடு, கலுங்குப் பக்கம் (நிறைந்த பின் மிச்சத் தண்ணீர் வெளியேறும் இடம்). குழியின் சுவரைப் பார்த்தால் அடுக்கு தெரியும். மேலே கறுப்பாக, பிசுபிசுப்பாக இருப்பது வண்டல். அதற்குக் கீழே கடப்பாரை போனால் திரும்ப வராமல் பிடித்துக்கொள்ளும் களி. களிக்குக் கீழே மணல். களியைக் கையில் உருட்டி விரல் தடிமனுக்குத் திரித்தால் உடையாமல் நீளும். அந்தக் களிதான் ஊருணிக்குத் தரை. அதை வெட்டி மணலைத் தொட்டுவிட்டால் ஊருணியில் தண்ணீர் நிற்காது. எங்கள் மாதிரிக் கடலோர மாவட்டத்தில் அடியிலிருந்து உப்புத் தண்ணீரும் ஏறிவிடும், அப்புறம் அதை யாராலும் குடிக்க முடியாது. வண்டல் எத்தனை அடி, களி எத்தனை அடி என்று மூன்று குழிக்கும் தனித்தனியாக எழுதி, தேதி போட்டுப் படம் எடுத்து வையுங்கள். ஊரில் வயதான அம்மாக்கள் யாராவது முன்பு தூர்வாரியபோது எந்த ஆழத்தில் நிறுத்தினார்கள் என்று சொல்வார்கள். எங்களுக்குச் சொன்னவர் கையைத் தன் இடுப்பில் வைத்துக் காட்டினார். குழி போட்டுப் பார்த்தபோது சரியாக அந்த ஆழத்தில்தான் களி வந்தது.

இனி கால்வாய். வாட்டம், அதாவது தரையின் சரிவு பார்க்கக் கருவி வேண்டாம். கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும்: பத்து மீட்டரைவிடச் சில மீட்டர் கூடுதல் நீளத்துக்குக் கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர், காற்றுக் குமிழி இல்லாமல். ஆளுக்கு ஒரு குச்சி, குச்சியில் சென்டிமீட்டர் கோடு. இரண்டு பேர் பத்து மீட்டர் இடைவெளியில் குச்சியைத் தரையில் ஊன்றிக் குழாயின் முனையை அதில் ஒட்டிப் பிடிக்க வேண்டும். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். இந்தக் குச்சியில் 82, அந்தக் குச்சியில் 85 என்றால் அந்தப் பக்கம் தரை மூன்று சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கிறது. இப்படியே கால்வாய் தொடங்கும் இடத்திலிருந்து ஊருணி வாய் வரை பத்துப் பத்து மீட்டராகப் போங்கள். மூன்றாவது ஆள் நோட்டில் எழுதிக்கொண்டே வரட்டும். எங்கே தரை திடீரென்று உயர்கிறதோ அங்கேதான் தண்ணீர் நின்று வேறு பக்கம் திரும்புகிறது. பெரும்பாலும் அது சாலை போடும்போது உயர்ந்துபோன பாலத்தடிக் குழாயாக இருக்கும், அல்லது யாராவது வண்டிப் பாதைக்காக மண் போட்டு மூடியதாக இருக்கும்.

கால்வாயைத் திறக்காமல் ஊருணியை மட்டும் ஆழப்படுத்திய ஊர்களில் பெரிய பள்ளம் காய்ந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். பணம் பாதிதான் கிடைக்கிறது என்றால் கால்வாய்க்கு முதலில் செலவு செய்யுங்கள், ஆழத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

கணக்கு இப்படிப் போடுங்கள். 50 மீட்டருக்கு 40 மீட்டர் ஊருணியில் ஒரு மீட்டர் வண்டல் எடுத்தால் 2,000 கனமீட்டர். ஒரு கனமீட்டர் 1,000 லிட்டர், ஆக 20 லட்சம் லிட்டர் கூடுதலாக நிற்கும். 300 வீடு, வீட்டுக்கு நாளைக்கு 40 லிட்டர் என்றால் நாளைக்கு 12,000 லிட்டர். 20 லட்சத்தை அதால் வகுத்தால் 166 நாள் வரும். வெயிலில் ஆவியாகிற பங்கைத் தாராளமாகக் கழித்தாலும் பங்குனி, சித்திரை தாண்டும். இந்த ஒரு வரிக் கணக்கைக் கிராம சபையில் சொல்லுங்கள். வேறு எந்தப் பேச்சையும்விட இதற்குத்தான் கை தூக்குவார்கள்.

4. கிராம சபைத் தீர்மானம்

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. உங்களுக்கு உகந்தது ஜனவரி 26. அது தவறினால் மார்ச் 22, அன்று உலகத் தண்ணீர் நாள் என்பதால் நீர்நிலை பற்றிய பேச்சுக்கு இடமும் இருக்கும். மே 1ஐ நம்பி இருந்தால் அந்த வருஷ மழைக்குள் முடிப்பது கஷ்டம்.

கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பே ஊராட்சிச் செயலரிடம் மனு கொடுத்து ஊருணியைக் கூட்டப் பொருளில் சேர்க்கச் சொல்லுங்கள். மனுவின் நகலில் தேதி, கையெழுத்து, முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். இது எல்லா அலுவலகத்துக்கும் பொருந்தும். ஓர் அலுவலகத்தில் எங்கள் மனு வரவே இல்லை என்றார்கள். முத்திரை போட்ட நகலைக் காட்டியதும் தேடி எடுத்தார்கள்.

பெரும்பாலான மாவட்டங்களில் 2025 ஜனவரியில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலரின் பொறுப்புக்குப் போனது. உங்கள் ஊராட்சியில் இப்போது தலைவர் இருக்கிறாரா, தனி அலுவலரா என்று பார்த்து மனுவில் அதன்படி விலாசம் போடுங்கள். ஒன்றிய அலுவலகத்தில் இரண்டு பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) உண்டு: வட்டார ஊராட்சிக்கு ஒருவர், கிராம ஊராட்சிகளுக்கு ஒருவர். ஊருணிக்குக் கிராம ஊராட்சிப் பிடிஓவைப் பார்க்க வேண்டும்.

குறைவெண் வரம்பு, அதாவது கூட்டத்தில் குறைந்தது எத்தனை பேர் இருக்க வேண்டும் என்பது தெரிந்திருக்கட்டும். 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். ஆள் குறைந்தால் தீர்மானம் செல்லாது. கூட்டமைப்பில் உள்ள ஒவ்வொரு குழுவும் பத்துப் பேரைக் கூட்டி வந்தாலே எண்ணிக்கை நிறைந்துவிடும். வருகைப் பதிவேட்டில் ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உட்கார வேண்டும்.

பேசுவதற்கு இரண்டு பெண்களை முன்பே தயார் செய்யுங்கள். ஒருவர் தண்ணீர்க் கணக்கு, ஒருவர் கால்வாய் அளவு. "அண்ணன் பேசுவார், நீங்க உக்காருங்க" என்று யாராவது சொன்னால் உட்கார வேண்டாம். "அளந்தது நாங்கண்ணே, நாங்களே சொல்லிடுறோம்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத் தொடருங்கள். பெண்களால் இதெல்லாம் ஆகுமா என்று கேட்பவர்களுக்கு வேலூர் மாவட்டத்து நாகநதியைச் சொல்லுங்கள். வறண்டு கிடந்த அந்த ஆற்றின் படுகையில் செறிவூட்டும் கிணறுகளையும் கல் தடுப்புகளையும் அமைத்து மீட்டதில் பெரும்பங்கு நூறு நாள் வேலைக்குப் போன பெண்களுடையது.

தீர்மானத்தில் இருக்க வேண்டியவை: ஊருணியின் பெயர், புல எண், பரப்பு, கால்வாயின் புல எண், என்ன வேலை (தூர்வாருதல், கரை, கால்வாய், கலுங்கு, படித்துறை), எந்தத் திட்டத்தில் கேட்கிறோம், மேற்பார்வைக்கு எந்த மகளிர் குழு. கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். குழுவின் பெயர் தீர்மானத்தில் இருந்தால்தான் வேலை நடக்கும்போது அளவுப் புத்தகத்தை (செய்த வேலையின் அளவை அலுவலர் எழுதும் பதிவேடு) காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்குப் பிடி இருக்கும். எழுதியதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டே எழுந்திருங்கள். நகலை ஒரு வாரத்துக்குள் வாங்கிவிடுங்கள்.

நகல் தராமல் இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும்.

5. பணம்

மூன்று வழி சொல்கிறேன். ஒன்றையே நம்பி இருக்க வேண்டாம்.

முதலாவது நூறு நாள் வேலை. கரை பலப்படுத்துதல், கால்வாய் வெட்டுதல், மரம் நடுதல் எல்லாம் இதில் வரும். கூலியும் ஊருக்கே வரும். ஆனால் இதில் ஜேசிபி கூடாது, ஒப்பந்ததாரர் கூடாது. ஆழமான தூர்வாரலுக்கு இது மட்டும் போதாது. 2025 டிசம்பரில் இந்த வேலைக்கான சட்டமே மாறியிருக்கிறது. வேலை நாள், கூலி, எந்தெந்தப் பணி அனுமதி என்பதை ஒன்றிய அலுவலகத்தில் இப்போதைய நிலைப்படி கேட்டுக்கொண்டு மனு எழுதுங்கள், பழைய மனுவைப் பார்த்து எழுதாதீர்கள்.

இரண்டாவது நமக்கு நாமே திட்டம். மதிப்பீட்டில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு மக்கள் பங்களிப்பு, மிச்சம் அரசு. மூன்று லட்ச ரூபாய் வேலைக்கு ஒரு லட்சம் நீங்கள் திரட்ட வேண்டும். ஊரிலிருந்து சென்னை, திருப்பூர், சிங்கப்பூர், வளைகுடா என்று போனவர்கள் இதற்குக் கொடுப்பார்கள், ஏனென்றால் அவர்கள் கொடுக்கும் ஒரு ரூபாய் மூன்று ரூபாய் வேலையாகிறது. பங்களிப்பு வரைவோலையை யார் பெயரில் எடுப்பது என்று எழுத்தில் கேட்டுவிட்டே எடுங்கள், பெயர் மாறினால் ரத்துக் கட்டணமும் ஒரு வாரமும் போகும். நிர்வாக அனுமதி வருமா என்று தெரியாமல் முழுப் பணத்தையும் கட்டிவிடவும் வேண்டாம், எந்தக் கட்டத்தில் கட்ட வேண்டும் என்று பிடிஓ அலுவலகத்தில் கேளுங்கள்.

மூன்றாவது, வண்டலை எடுத்துக்கொள்ளும் விவசாயிகள். இது பணமாக வராது, செலவைக் குறைக்கும். அடுத்த படியில் சொல்கிறேன்.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். சுய உதவிக் குழு அதை நேரடியாக வாங்க முடியாது. வருமான வரிச் சட்டப் பதிவும் கம்பெனி விவகார அமைச்சகத்தில் பதிவு எண்ணும் உள்ள அறக்கட்டளை அல்லது சங்கம் வழியாகத்தான் வரும். அப்படி ஓர் அமைப்பு முன்வந்தால், அவர்கள் எவ்வளவு நிர்வாகச் செலவு எடுப்பார்கள், பெயர்ப் பலகையில் எவ்வளவு செலவிடுவார்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

செலவு தோராயமாக: எங்கள் பக்கம் ஜேசிபி மணிக்கு 1,200 முதல் 1,500 ரூபாய் வரை கேட்கிறார்கள். மணிக்கு 30 கனமீட்டர் அள்ளும் என்று வைத்தால் 2,000 கனமீட்டருக்கு 67 மணி நேரம், ஏறக்குறைய 80,000 முதல் ஒரு லட்சம் வரை. வண்டலை ஏற்றிப் போகும் டிராக்டர் செலவு இதில் சேரவில்லை. கரை கெட்டிப்படுத்த, படித்துறை, கம்பி வேலி என்று போனால் சிமென்ட் வேலைதான் பணத்தைத் தின்னும். படித்துறைக்கு ஆசைப்பட்டுக் கலுங்கை விட்டுவிடாதீர்கள். மூன்று நாளில் கொட்டும் மழைக்குக் கலுங்கு அகலமாக இல்லையென்றால் கரையே உடையும்.

எஸ்டிமேட் போட ஒன்றியப் பொறியாளரோ ஓவர்சியரோ வருவார். அன்று உங்கள் நோட்டு, சோதனைக் குழிப் படம், வாட்டக் கணக்கு எல்லாம் கையில் இருக்கட்டும். எஸ்டிமேட்டில் வரத்துக் கால்வாய் இருக்கிறதா என்று அன்றே கேளுங்கள். அதன்பின் தொழில்நுட்ப அனுமதி, நிர்வாக அனுமதி, பணி ஆணை என்று மூன்று தாள் வர வேண்டும். வாயால் "ஆரம்பிச்சுருங்கம்மா" என்று யார் சொன்னாலும் பணி ஆணை கையில் இல்லாமல் ஒரு கூடை மண்ணும் எடுக்காதீர்கள்.

இரண்டு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். மார்ச் 31இல் நிதியாண்டு முடியும், அதற்கு முந்தைய வாரங்களில் எந்தப் புதுக் கோப்பும் நகராது. தேர்தல் அறிவித்துவிட்டால் நடத்தை விதி முடியும் வரை புதுப் பணிக்கு அனுமதி தர மாட்டார்கள். தேர்தல் வருஷம் என்றால் உங்கள் நிர்வாக அனுமதி அதற்கு முன்பே வந்துவிட வேண்டும்.

6. வண்டலுக்குத் தனி அனுமதி

தூர்வார அனுமதி இருக்கிறது, மண்ணை வெளியே கொண்டுபோகலாம் என்று நினைக்க வேண்டாம். வண்டி ஊருணி எல்லையைத் தாண்டினால் அதில் உள்ள மண் கனிமம். அனுமதி இல்லாமல் போகும் டிராக்டரைப் பிடிப்பார்கள், வழக்கு டிராக்டர்க்காரர் மேல் விழும், பழி குழு மேல் வரும்.

விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் வண்டல், களிமண் இலவசம். 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தருகிறார், விண்ணப்பம் இணையவழி. இ-சேவை மையத்தில் போட்டுவிடலாம். எடுப்பவரின் பட்டா அல்லது சிட்டா, அடங்கல், ஆதார் வேண்டும். அவர் நிலமும் ஊருணியும் ஒரே வட்டத்தில் இருக்க வேண்டும். நன்செய் என்றால் ஏக்கருக்கு 75 கனமீட்டர், புன்செய் என்றால் 90 கனமீட்டர். டிராக்டர் நடைக்கு மூன்று கனமீட்டர் என்று கணக்கு, ஆக 25 நடை, 30 நடை.

விண்ணப்பம் போடுவதற்கு முன், மண் எடுக்கலாம் என்று மாவட்ட அரசிதழில் அறிவித்த நீர்நிலைப் பட்டியலில் உங்கள் ஊருணி இருக்கிறதா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி ஒன்றியம் வழியாகக் கடிதம் போக வேண்டும். இதற்குத்தான் நாள் பிடிக்கும்.

மேலே போட்ட கணக்கில் 2,000 கனமீட்டர் வருகிறது. புன்செய் 23 ஏக்கர் வைத்திருக்கும் விவசாயிகள் சேர்ந்தால் அத்தனை வண்டலும் போய்விடும். டிராக்டர் வாடகையை அவரவர் பார்த்துக்கொள்வார்கள், உங்களுக்கு வெட்டும் செலவு மட்டும்தான். பெண்கள் பெயரில் பட்டா உள்ள நிலங்களை முதலில் பட்டியலில் போடுங்கள். ஒவ்வொரு நடைக்கும் தேதி, வண்டி எண், யார் நிலம் என்று கரையில் உட்கார்ந்து எழுத முறை வைத்து ஆள் போடுங்கள். எழுதாத நடை செங்கல் சூளைக்குப் போகும்.

7. தடையாக நிற்கும் மூன்று விஷயம்

மீன் குத்தகை. ஊருணியோ கண்மாயோ யாருக்காவது ஏலம் விடப்பட்டிருந்தால் குத்தகை எந்தத் தேதியில் முடிகிறது என்று ஊராட்சியில் கேளுங்கள். முடியும் முன் தண்ணீரை வற்ற விட்டால் குத்தகைக்காரர் நஷ்டஈடு கேட்பார். அடுத்த ஏலத்தைத் தூர்வாரி முடியும் வரை தள்ளிவைக்கத் தீர்மானத்தில் ஒரு வரி போதும்.

சீமைக் கருவேலம். வேரோடு எடுக்க வேண்டும், வெட்டிவிட்டால் முன்னைவிட அடர்ந்து வரும். ஆனால் மரம் ஊராட்சிச் சொத்து. விறகை நீங்களே விற்றுச் செலவுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஊராட்சி ஏலம் வழியாகவே போகட்டும். கரையில் உள்ள வேப்பம், புளி, பனை எதையும் தொட வேண்டாம்.

ஆக்கிரமிப்பு. இதுதான் மனசை ஒடிக்கும், ஏனென்றால் ஆக்கிரமித்தவர் பெரும்பாலும் சொந்தக்காரராகவோ அண்டை வீட்டாராகவோ இருப்பார். நீங்கள் போய்ச் சண்டை போடாதீர்கள். சர்வேயரை வைத்து அளந்து எல்லைக்கல் நடச் சொல்லி வட்டாட்சியருக்கு மனுக் கொடுங்கள். மே, ஜூன் வாக்கில் நடக்கும் ஜமாபந்தியில் (வருவாய்த் துறையின் வருடாந்தரக் கணக்குத் தணிக்கை) கொடுத்தால் பதிவேட்டில் ஏறும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம், மனு எண்ணைப் பத்திரமாக வையுங்கள். மனுவில் ஒரு பெண்ணின் பெயர் மட்டும் தனியாக இருக்கவே கூடாது. கூட்டமைப்பின் பெயரில், எல்லாக் குழுத் தலைவிகளும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். தனியாகப் போட்டவர் வீட்டுக்குத்தான் இரவில் ஆள் வரும். எல்லைப் பிரச்சினை முடியாவிட்டாலும் தகராறில்லாத பகுதியில் வேலையைத் தொடங்கிவிடலாம், அதை எஸ்டிமேட்டில் தனியாகப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

8. மண் வெட்டும் நாட்களில்

வைகாசி முதல் ஆவணி வரை நல்ல காலம். புரட்டாசிக்குள் கரை வேலை முடிந்து மண் இறுகியிருக்க வேண்டும், புதுக் கரை முதல் மழையிலேயே கரையும்.

தினமும் இரண்டு பேர் முறை வைத்துக் கரையில் இருங்கள். பார்க்க வேண்டியது நான்கு. ஜேசிபி கரையின் அடிவாரத்தை ஒட்டித் தோண்டக் கூடாது, சில மீட்டர் விட்டுச் சரிவாக இறங்க வேண்டும். சோதனைக் குழியில் பார்த்த களி மட்டம் வந்ததும் நிறுத்த வேண்டும், இதற்கு ஊருணிக்குள் அங்கங்கே கம்பு நட்டு ஆழக் கோடு போட்டு வையுங்கள். கரையில் போடும் மண்ணை அடுக்கடுக்காகத் தண்ணீர் தெளித்து இறுக்க வேண்டும். கால்வாய் ஊருணிக்குள் நுழையும் இடத்துக்கு முன் ஒரு சிறு வண்டல் குழி வெட்ட வேண்டும். இனி வரும் மண் அதில் தங்கும், வருஷா வருஷம் அதை மட்டும் அள்ளினால் போதும்.

ஜேசிபி மீட்டர் மணியைத் தொடங்கும்போதும் முடியும்போதும் படம் எடுங்கள். அளவுப் புத்தகத்தில் எழுதும் நாளில் உங்கள் நோட்டோடு ஒப்பிடுங்கள்.

9. முதல் மழைக்கு முன்னும் பின்னும்

கரையின் உள்சரிவில் வெட்டிவேர், வெளிச்சரிவில் பனை விதை. பனை விதை ஆவணி, புரட்டாசியில் இலவசமாகவே கிடைக்கும், பொறுக்கினால் போதும். ஆடு மாடு இறங்க ஒரே ஒரு வழி விட்டு மற்ற இடத்தில் முள்வேலி போடுங்கள்.

முதல் பெரிய மழையன்று இரண்டு பேர் குடையோடு கால்வாய் நெடுக நடந்து தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்க்க வேண்டும். வாட்டக் கணக்கில் தப்பிய இடம் அன்றுதான் தெரியும், மண்வெட்டியால் அப்போதே திறந்துவிடலாம்.

குடிநீருக்கு எடுப்பதாக இருந்தால் தண்ணீரைச் சோதிக்காமல் எடுக்காதீர்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியைப் பயன்படுத்தப் பயிற்சி தருகிறார்கள். உங்கள் ஊரில் அந்த ஐந்து பேர் யார் என்று ஊராட்சியில் கேளுங்கள். தெரியவில்லை என்றால் உங்கள் குழுவிலிருந்தே பெயர் கொடுங்கள்.

பராமரிப்புக்கு வீட்டுக்கு மாதம் 10 ரூபாய் என்று வைத்தால் 300 வீட்டுக்கு வருஷம் 36,000 வரும். வண்டல் குழி அள்ளுவதற்கும் முள்வேலியைச் சீர் செய்வதற்கும் அது தாராளம். வசூல் நோட்டும் செலவு நோட்டும் கூட்டமைப்பில் இருக்கட்டும், ஒவ்வொரு ஜனவரி 26 கிராம சபையிலும் வரவு செலவைப் படித்துவிட்டு அடுத்த ஊருணிக்கான தீர்மானத்தை அங்கேயே கொடுத்துவிடுங்கள்.